'பெஸ்தீதோ'வா, 'த்ராஹே'யா? ஸ்பானிய மொழியில் எந்த உடைக்கு எந்தச் சொல்?

கொங்குச்செல்வி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் இருந்தபடியே இணையவழியில் ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ஸ்பானிய மொழித் திறனுக்கான 'தெலே' தேர்வின் பி1 நிலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் 'என் குடும்பத்தில் ஒரு திருமணம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி ஆசிரியையிடம் காட்டினேன். பட்டு வேட்டி கட்டியிருந்த என் அப்பாவைப் பற்றி, 'மி பாத்ரே யெபாபா உன் பெஸ்தீதோ பிளாங்கோ' என்று அதில் ஒரு வரி. அகராதியில் 'பெஸ்தீதோ' என்றால் உடை என்றுதான் போட்டிருந்தது; ஆகவே 'அப்பா வெள்ளை உடை அணிந்திருந்தார்' என்பது பிழையின்றி வந்துவிட்டதாகவே நினைத்தேன். ஸ்பெயினைச் சேர்ந்த என் ஆசிரியையோ சிரிப்பை அடக்க முடியாமல், 'உங்கள் அப்பா வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டா திருமணத்துக்கு வந்தார்?' என்று கேட்டுவிட்டார்.

அதே கட்டுரையில், வரவேற்பில் பரதநாட்டியம் ஆடிய தங்கையின் உடையை 'திஸ்ஃப்ராஸ்' என்று எழுதியிருந்தேன். அதன் கீழே சிவப்புக் கோடு. நான் போட்டிருந்த பச்சைச் சுடிதாரை 'த்ராஹே' என்று எழுதியிருந்தேன். அதன் அருகே ஒரு கேள்விக்குறி. இது போதாதென்று, கேட்டல் பயிற்சிக்காக ஒரு சிலி நாட்டுப் பெண்ணின் உரையாடலைப் போட்டுக் கேட்டால், அவர் 'தெனீதா' என்கிறார், 'தெர்னோ' என்கிறார்; என் பாடநூலில் இரண்டுமே இல்லை.

தமிழில் உடை என்றோ, உடுப்பு என்றோ, துணிமணி என்றோ சொன்னால் யாருக்கும் எதற்கும் பொருந்திவிடுகிறது. ஸ்பானியத்தில் எந்த உடைக்கு எந்தச் சொல் என்பதைத் தீர்மானிக்க ஏதேனும் வழி உண்டா? அல்லது ஒவ்வொன்றையும் மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

மத்ரித்வாசி எழுதியது:

வணக்கம். மத்ரித்துக்கு வந்த முதல் ஆண்டில் நானும் இதே குழியில் விழுந்தவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடலில் இருப்பது எது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தத் துணிகளை ஒன்றாகச் சேர்த்து வைப்பது எது என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். எதுவும் சேர்த்து வைக்கவில்லை, வெறும் துணிமணிதான் என்றால் 'ரோப்பா'. அது நம் 'துணிமணி'யைப் போலவே எண்ண முடியாத சொல். பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும். அதிலிருந்து ஒரே ஒரு சட்டையையோ பாவாடையையோ எடுத்து எண்ண வேண்டுமானால் 'ப்ரெந்தா' என்ற வேறொரு சொல் தேவைப்படும். தள்ளுபடிக் காலத்தில் கடை வாசலில் 'இரண்டு ப்ரெந்தா வாங்கினால்' என்றுதான் எழுதியிருப்பார்களே தவிர, 'இரண்டு ரோப்பா' என்று எழுத மாட்டார்கள்.

மேலும் கீழுமாகப் பார்த்துப் பொருத்தி, இதற்கு இது சேரும் என்று ஒருவர் தேர்ந்து அணிந்ததானால் அது 'கொன்ஹுன்தோ'. 'சேர்ந்தது' என்பதே அதன் பொருள். நாம் 'செட்' என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் அது கச்சிதமாக அமரும். உங்கள் பச்சைச் சுடிதார், மேற்சட்டையும் கால்சட்டையும் துப்பட்டாவும் சேர்ந்த ஒன்று. ஆகவே 'உன் கொன்ஹுன்தோ வெர்தே' என்று எழுதியிருந்தால் கேள்விக்குறி விழுந்திருக்காது.

'த்ராஹே'தான் கொஞ்சம் தந்திரமான சொல். தனியாக நின்றால் ஸ்பெயினில் அதற்கு ஒரே பொருள்தான்: ஒரே துணியில் வெட்டிய கோட்டும் கால்சட்டையும். நேர்முகத் தேர்வுக்கு 'த்ராஹே' போட்டுக்கொண்டு போ என்றால் அதுதான். ஆனால் பின்னால் ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டால் அது அப்படியே நம் 'உடை'யாகிவிடுகிறது. நாம் நீச்சலுடை என்பது போல 'த்ராஹே தே பாஞ்ஞோ'. மணப்பெண் அணிவது 'த்ராஹே தே நோபியா'. காளைப்போர் வீரர் அணியும், பொன்னிழை மின்னும் உடை 'த்ராஹே தே லூசெஸ்', அதாவது ஒளிகளின் உடை. மத்ரித் பல்கலைக்கழக நகர்ப் பகுதியில் 2004-இல் திறக்கப்பட்ட ஆடை அருங்காட்சியகத்துக்கு 'முசேயோ தெல் த்ராஹே' என்று பெயர். அதன் பெயரை முதன்முதலில் வாசித்தபோது கோட்டு சூட்டுக்கு எதற்குத் தனி அருங்காட்சியகம் என்று எண்ணினேன்; உள்ளே போனால் பழைய அரசவைக் கவுன்களும் ஊர்ப்புறப் பாவாடைகளும் இருந்தன. அந்த விரிந்த பொருளில்தான் தங்கையின் நடன உடை 'த்ராஹே தே பரதநாட்டியம்' ஆகும்.

போகிற போக்கில் ஒன்று: 'கொண்டுவந்தேன்' என்பதற்கும் ஸ்பானியத்தில் 'த்ராஹே' என்றுதான் சொல்ல வேண்டும். 'த்ராஹே உன் த்ராஹே' என்றால் 'ஒரு சூட்டு கொண்டுவந்தேன்'. குழந்தைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன்.

இனி அப்பாவின் வேட்டி. ஸ்பெயினில் 'பெஸ்தீதோ' என்ற பெயர்ச்சொல், பெண்கள் அணியும், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த கவுனையே முதலில் நினைவூட்டும். ஆனால் அதே எழுத்துகள் 'உடுத்திய' என்ற பெயரெச்சமாகவும் வரும். 'இபா பெஸ்தீதோ தே பிளாங்கோ' என்றால் 'வெள்ளை உடுத்தியிருந்தார்' என்று பொருள். கௌரவமான வாக்கியம், யாரும் சிரிக்க மாட்டார்கள். நீங்கள் 'யெபாபா உன்' என்பதற்குப் பதிலாக 'இபா' என்றும், நடுவே ஒரு 'தே'யும் போட்டிருந்தால் அப்பா கவுனிலிருந்து தப்பித்திருப்பார். வேட்டியை விளக்கியே ஆக வேண்டும் என்றால், 'இடுப்பில் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி' என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சேலைக்கு அந்தத் தொல்லை இல்லை. 'சாரி' என்ற சொல் ஸ்பானிய அகராதியிலேயே இடம்பிடித்துவிட்டது, ஆண்பாற் சொல்லாக.

உடுத்தியிருக்கும் மொத்த உடையையும் குறிக்க 'அத்துவெந்தோ' என்றொரு சொல்லும் உண்டு. மெக்சிகோவில் அதைச் சாதாரணமாகக் கேட்கலாம். ஸ்பெயினில் செய்தித்தாள் எழுதுவோரும், அரசியின் உடையை வருணிப்போரும்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். இளையோரோ இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'அவுட்ஃபிட்' என்றே சொல்லிப் போய்விடுகிறார்கள். தேர்வுத்தாளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

துரியாநதி எழுதியது:

மத்ரித்வாசி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'திஸ்ஃப்ராஸ்' விழுந்த சிவப்புக் கோட்டை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு அந்தப் பிழைதான் பெரிது. வேட்டியைக் கவுன் ஆக்கினால் சிரிப்பார்கள். இதைச் சொன்னால் முகம் வாடிவிடும்.

நான் வாலென்சியாவில் வசிக்கிறேன். மார்ச் மாதம் ஃபாயாஸ் திருவிழாவில், 17, 18 ஆகிய இரு நாட்களும், ஊர்ப் பெண்களும் சிறுமியரும் பட்டுப் பாவாடையும், சரிகை வேலைப்பாடு கொண்ட மேலாடையும், காதோரம் சுருட்டிச் செருகிய கொண்டையும், உலோகச் சீப்புகளுமாக அணிவகுத்துச் சென்று தேவமாதாவுக்கு மலர் சாத்துவார்கள். அந்தப் பட்டைத் தேர்ந்து, தைத்து முடிக்கச் சில குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சேமிப்பதுண்டு. பாட்டியின் மேலாடை பேத்திக்கு வருவதும் உண்டு. நான் வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாவிடம், பாராட்டுகிறோம் என்ற நினைப்பில், 'கே போனீத்தோ திஸ்ஃப்ராஸ்', அதாவது 'எவ்வளவு அழகான திஸ்ஃப்ராஸ்' என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. 'இது திஸ்ஃப்ராஸ் அல்ல, மகளே. இந்துமென்தாரியா (உடை)' என்று மெதுவாகத் திருத்தினார். 'திஸ்ஃப்ராஸ்' என்பது நம் மாறுவேடம். தான் அல்லாத ஒன்றாகத் தோன்றுவதற்குப் போடுவது. அந்த அம்மாவோ அன்றுதான் மற்ற நாட்களைவிடக் கூடுதலாகத் தானாக இருந்தார். கோயிலுக்குப் பட்டுச்சேலை கட்டிவரும் நம் அத்தையைப் பார்த்து 'வேஷம் நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செவில்லாவின் ஏப்ரல் திருவிழாவிலும் இதே கதைதான். புள்ளியிட்ட, அடுக்கடுக்கான கொசுவம் வைத்த அந்த உடை 'த்ராஹே தே ஃப்ளமெங்கா'. அதை அணிவதற்கு 'பெஸ்தீர்ஸே தே ஃப்ளமெங்கா' என்பார்கள். சுற்றுலாப் பயணிக்குக் கடையில் விற்கும் மெல்லிய பாலியெஸ்டர் நகல் வேண்டுமானால் 'திஸ்ஃப்ராஸ்' ஆகலாம். ஒரே வடிவம்தான், உடுத்துபவர் யார், எதற்கு என்பதைப் பொறுத்து சொல் மாறுகிறது.

வியப்பு என்னவென்றால், உண்மையாகவே வேடம் போடுகிற திருவிழாக்களில்கூட அந்தச் சொல்லை ஊரார் ஓரங்கட்டிவிடுகிறார்கள். காதிஸ் நகரின் கார்னவலில் பாட்டுக் குழுக்கள் அணியும் வேடத்துக்குப் பெயர் 'தீப்போ'. தெனெரீஃபெ தீவின் கார்னவல் அரசிப் போட்டியில், சக்கரம் வைத்து இழுத்து வரும் அளவுக்குப் பெரிய அந்த உடைகள் 'ஃபந்தசீயா', அதாவது கற்பனை. மேடையிலும் திரையிலும் நடிகர்கள் அணிபவை மொத்தமாக 'பெஸ்துவாரியோ'. கோயா திரைப்பட விருதுகளில் ஆடை வடிவமைப்புக்கான பிரிவின் பெயரில் இருப்பது அந்தச் சொல்தான். உங்கள் தங்கையின் நடனக் குழு முழுவதற்கும் உடை தைத்தவரைப் பற்றி எழுதினால் 'பெஸ்துவாரியோ' வரலாம். ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் அதே சொல் எழுதிய கதவைத் திறந்தால் உடை மாற்றும் அறை. அங்கே நாடக உடையைத் தேடாதீர்கள்.

இருமொழியாளன் எழுதியது:

மேலே இருவரும் எழுதியது ஸ்பெயின். அட்லாண்டிக் கடலைத் தாண்டினால் கதை வேறு. நான் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவ, சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறேன். பெரும்பாலும் கொலம்பியா, அர்ஜென்டினா, பெரு நாடுகளிலிருந்து வருபவை.

முதலில் உங்கள் அப்பாவுக்காக ஒரு சொல். ஆசிரியையின் சிரிப்பு ஸ்பெயின் நாட்டுச் சிரிப்பு. கொலம்பியாவில் ஆண்கள் அணியும் கோட்டு சூட்டுக்கும் 'பெஸ்தீதோ' என்ற பெயர் உண்டு. போகோட்டாவின் அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞர் சாம்பல் நிற 'பெஸ்தீதோ' அணிந்து வந்தார் என்றால் அங்கே யாரும் கவுனை நினைக்க மாட்டார்கள். நீச்சலுடையும் அங்கே 'பெஸ்தீதோ தே பாஞ்ஞோ'. ஸ்பெயினில் 'த்ராஹே தே பாஞ்ஞோ'வோடு 'பஞ்ஞாதோர்' என்றும் சொல்வார்கள்; அர்ஜென்டினாவில் 'மாஷா'. இதனால் வேட்டி சரியாகிவிடாது. ஆனால் உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை என்பது தெரிந்தால் ஆறுதலாக இருக்கும்.

சிலியில் கேட்ட 'தெர்னோ', மும்மூன்று என்ற பொருள் தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது: கோட்டு, உட்கோட்டு, கால்சட்டை என மூன்று. ஸ்பெயினில் இன்றும் மூன்றும் இருந்தால்தான் அது 'தெர்னோ'. சிலி, பெரு, ஈக்வடார், பொலிவியா ஆகிய நாடுகளில் உட்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டே துண்டாக இருந்தாலும் 'தெர்னோ'தான். மாறாக, இரண்டு துண்டு என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல் 'ஆம்போ'. இலத்தீனில் 'இரண்டும்' என்று பொருள். அர்ஜென்டினாவில் அது இரண்டு துண்டுச் சூட்டையும் குறிக்கும், மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் அணியும் தளர்வான மேற்சட்டை, கால்சட்டையையும் குறிக்கும்.

இந்தச் சொல்லிடம் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் அர்ஜென்டினிய மருத்துவமனையின் பணியாளர் கையேட்டில், 'ஆம்போ இல்லாமல் அறுவை அரங்கினுள் நுழையக் கூடாது' என்ற வரி வந்தது. 'இருவர்' எனப் பொருள்படும் 'ஆம்போஸ்' என்பதில் கடைசி எழுத்து விடுபட்டிருக்கிறது என்று நானே முடிவு செய்து, 'இருவர் சேர்ந்தேயன்றி நுழையக் கூடாது' என்று மொழிபெயர்த்து அனுப்பினேன். பாதுகாப்பு விதி போலக் கம்பீரமாகத்தான் இருந்தது. சரிபார்த்தவர் கண்டுபிடித்திராவிட்டால் இன்றுவரை அது விதியாகவே இருந்திருக்கும். இதே உடைக்கு ஸ்பெயினில் 'பிஹாமா' என்று பெயர் என்பதை அறிந்தபோது, அங்கே மருத்துவர்கள் இரவு உடையிலா பணிக்கு வருகிறார்கள் என்று ஒரு கணம் குழம்பினேன். இரவில் அணிவதும் அதே சொல்தான். ஸ்பெயினில் அது ஆண்பால், அமெரிக்க நாடுகள் பலவற்றில் 'லா பியாமா' என்று பெண்பாலாகி ஒலியும் மாறிவிடும்.

விளையாட்டு உடையில்தான் நாட்டுக்கு நாடு அதிகம் இடறும். ஸ்பெயினில் 'ச்சாந்தல்', பிரெஞ்சிலிருந்து வந்த சொல். பாரிஸ் சந்தையின் பூண்டு வியாபாரிகள் அணிந்த கம்பளிச் சட்டையின் பெயர் அது. 'பூண்டு வியாபாரி' என்ற பிரெஞ்சுத் தொடரின் வாலைப் பிடித்து உண்டானது. சிலியிலும் பெருவிலும் மேலும் கீழுமான அந்த முழுச் செட்டு 'பூஸோ'; ஆனால் அர்ஜென்டினாவில் 'பூஸோ' என்றால் மேலே போடும் தடித்த பனியன் சட்டை மட்டுமே. ஸ்பெயினில் அந்தச் சட்டைக்குப் பெயர் 'சுதாதெரா'. கொலம்பியாவிலோ 'சுதாதெரா' முழுச் செட்டையும் குறிக்கும், சில வேளை கால்சட்டையை மட்டும் குறிக்கும். மெக்சிகோவில் 'பான்ட்ஸ்' என்று முடித்துவிடுகிறார்கள். ஆகவே 'நாளை பூஸோவோடு வாருங்கள்' என்று ஒரு பள்ளியிலிருந்து குறிப்பு வந்தால், அது எந்த நாட்டுப் பள்ளி என்று தெரியாமல் மொழிபெயர்க்க முடியாது.

பள்ளி என்றதும் இன்னொன்று. சீருடைக்கு 'உனிஃபோர்மே' என்பது எங்கும் செல்லும். ஆனால் அர்ஜென்டினாவின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உடைக்கு மேல் அணியும் வெள்ளை அங்கி 'குவார்தாபோல்போ', அதாவது தூசி காப்பான். ஆற்றுக்கு அந்தக் கரையில் உருகுவாயில் அதே வெள்ளை அங்கி 'தூனிக்கா'. கழுத்தில் கட்டும் பெரிய நீல நாடாவுக்கு 'மோஞ்ஞா'. அவ்விரு நாட்டினரின் பால்ய நினைவுகளை மொழிபெயர்க்கும்போது இவற்றைச் 'சீருடை' என்று எழுதினால் பொருள் கெடாது, ஆனால் அந்த வெள்ளை நிறம் போய்விடும்.

சிலியின் 'தெனீதா' எளிது: நீங்கள் தேடிய, பொதுவான 'உடுத்தியிருக்கும் மொத்தக் கோலம்' அதுதான். மத்ரித்வாசியின் 'கொன்ஹுன்தோ'வுக்கும் 'அத்துவெந்தோ'வுக்கும் சிலியில் நிகரான சொல்.

கொங்குச்செல்வி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கவுன் சிரிப்பைவிட, துரியாநதி அக்கா எழுதிய பக்கத்து வீட்டு அம்மாவின் 'மகளே'தான் எனக்கு உறைத்தது. தங்கையிடம் இதைச் சொல்லவே இல்லை. இன்னும் ஒரே ஐயம்: திருமணத்துக்கு வீட்டில் எல்லோரும் புதுத்துணி எடுத்து உடுத்தினோம். 'முதன்முறையாக உடுத்துவது' என்பதை எப்படிச் சொல்வது? மேலும், எந்த நாட்டுச் சொல்லைத் தேர்வில் எழுதுவது?

துரியாநதி எழுதியது:

அதற்கு ஸ்பானியர்களிடம் ஒரே வினைச்சொல் இருக்கிறது. நம்மிடம் தனிச்சொல்லாக இல்லாததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 'எஸ்த்ரெனார்': எதையும் முதன்முறையாகப் பயன்படுத்துவது. உடைக்கும், செருப்புக்கும், வீட்டுக்கும், மிதிவண்டிக்கும் சொல்லலாம். திரைப்படம் வெளியாவதும் இதே வினைதான். குருத்தோலை ஞாயிறன்று ஏதேனும் ஒன்றைப் புதிதாக அணிய வேண்டும் என்பது ஸ்பெயினில் பழைய வழக்கம். அன்று எதையும் 'எஸ்த்ரெனார்' செய்யாதவருக்குக் கையில்லை என்று ஒரு சொலவடையே இருக்கிறது. கைகள் உதிர்ந்துவிடும் என்று சொல்வாரும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டு அம்மா அந்த ஞாயிறன்று ஒரு சோடிப் புதிய காலுறையாவது போட்டுக்கொள்கிறார். தீபாவளிக்குப் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கும் நம் வீட்டைப் பற்றி நான் சொன்னபோது, மேலே ஒரு கேள்விகூடக் கேட்காமல் புரிந்துகொண்டார்.

மத்ரித்வாசி எழுதியது:

தேர்வில் எந்த நாட்டு வழக்கை எழுதினாலும் ஏற்பார்கள். ஒரே கட்டுரையில் 'தெர்னோ'வையும் 'ச்சாந்தல்'ஐயும் கலந்து ஒரு புது நாட்டை உண்டாக்கிவிடாமல் இருந்தால் போதும். ஆசிரியை ஸ்பெயினைச் சேர்ந்தவர் என்பதால் நீங்களும் அந்த வழக்கிலேயே நில்லுங்கள். கேட்டல் தேர்வில் மட்டும் இருமொழியாளன் ஐயா எழுதியவை காதில் விழும்.

கொங்குச்செல்வி எழுதியது:

திருத்தி எழுதிய பகுதி இதோ. சரியா என்று பாருங்கள்:

'மி பாத்ரே இபா பெஸ்தீதோ தே பிளாங்கோ. மி எர்மானா பைலோ கொன் சு த்ராஹே தே பரதநாட்டியம். யோ யெபாபா உன் கொன்ஹுன்தோ வெர்தே. தோதோஸ் எஸ்த்ரெனாமோஸ் ரோப்பாஸ் நுவெபாஸ்.'

மத்ரித்வாசி எழுதியது:

முதல் மூன்று வரிகளில் கை வைக்க ஒன்றுமில்லை. கடைசி வரியில் 'ரோப்பா' பன்மையாகிவிட்டது. அதை ஒருமைக்குக் கொண்டுவாருங்கள். 'நுவெபாஸ்' என்பதையும் எடுத்துவிடலாம். 'புதிய' என்பது 'எஸ்த்ரெனார்' என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. 'தோதோஸ் எஸ்த்ரெனாமோஸ் ரோப்பா': மூன்று சொற்கள், அவ்வளவுதான்.